கருவேலங்கிளையில் ஓர் அபூர்வ விருந்தாளி

அக்டோபர் 27, திங்கள்

காலையில் தாழங்குளத்தில் எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு கொக்கின் வால். இன்னொரு கொக்கின் கால்கள், அவையும் தண்ணீருக்குள். மீன்கொத்தி சற்று முன்புவரை உட்கார்ந்திருந்த மின்கம்பி. கம்பி மட்டும் தெளிவாக வந்திருக்கிறது.

வரும் ஞாயிறு படக்கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில், ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் சொரிமுத்துவின் வீட்டு மாடியில் கூடுவோம். அவரை எல்லோரும் லீடர் என்றுதான் அழைப்பார்கள். டைல்ஸ் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சை பாய், ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற தெய்வானை டீச்சர், நான், ஆக மொத்தம் நான்கு பேர். அந்த மாதம் எடுத்ததில் மிகவும் பிடித்த ஒரு படத்தை ஒவ்வொருவரும் லீடர் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்ட வேண்டும்.

ஒரே ஒரு விதி உண்டு. படத்தைப் போட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்ற மூவரும் பேசி முடித்த பிறகே அவர் பேசலாம். முன்பெல்லாம் பாய் ஒவ்வொரு சூரிய அஸ்தமனத்துக்கும் நீண்ட முன்னுரை வழங்குவாராம். அதைத் தாங்க முடியாமல் லீடர் கொண்டுவந்த விதி அது.

சென்ற மாதம் நான் போட்டதும் ஒரு கம்பிப் படம்தான். பாய் எழுந்து நின்று, "வே வாத்தியாரே, மின்வாரியத்துல உமக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்கச் சொல்லணும். கம்பிய இவ்வளவு அழகா நம்ம லீடரே பாத்ததில்லவே" என்றார். லீடர் சிரித்த சிரிப்பில் தேநீர் சட்டையில் கொட்டிவிட்டது.

கல்லூரியில் தாவரவியல் கற்பித்த காலம் முழுவதும் என்னை யாரும் 'வே' போட்டு அழைத்ததில்லை. இது மரியாதைக் குறைவு என்று அன்று வீட்டுக்கு வந்து மனைவி லீதியாளிடம் சொன்னேன்.

"பின்ன எதுக்கு சிரிக்கிய?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 29, புதன்

பிரச்சினையை முறைப்படி ஆராய்ந்தேன். கேமராவில் குறையில்லை; மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய நல்ல கேமரா. வெளிச்சத்திலும் குறையில்லை. பறவை நகர்கிறது என்பதுதான் குறை. ஆகவே முதலில் நகராத பறவையில் பயிற்சி செய்து, பிறகு நகரும் பறவைக்குப் போவதே முறை. மாணவர்களுக்கு நுண்ணோக்கியைப் பழக்கியதும் இப்படித்தான். முதலில் வெங்காயத் தோல், பிறகுதான் மற்றவை.

லீதியாளின் கிறிஸ்துமஸ் மரப் பெட்டியில் இரண்டு பறவைகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து அவள் தங்கை வாங்கி வந்த ஜோடி. நீல உடம்பு, காவி நெஞ்சு, வாலுக்கு உண்மையான இறகு, கழுத்தைச் சுற்றிப் பளபளக்கும் பொடி. கால்களுக்குப் பதிலாக ஒரு கிளிப்.

லீதியாள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் அனுமதி கேட்க இயலவில்லை. அவள் வரும்வரை காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

தாழங்குளத்தின் தென்கரையில், நீருக்கு மேல் நீண்டிருக்கும் கருவேலங்கிளையில் பறவையைப் பொருத்தினேன். லேசான தூறல். அருகிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகப் பின்வாங்கிப் படமெடுத்தேன். ஆடு மேய்ப்பவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"ஐயா, பொம்மையவா படம் புடிக்கிய?"

"ஆமாம். பயிற்சிக்காக."

"சரி சரி" என்று சொல்லிவிட்டு ஆடுகளைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது நம்ப முடியவில்லை. முதன்முறையாக ஒரு பறவையின் கண் என் படத்தில் இருக்கிறது. மழைத்துளியும் பளபளப்புப் பொடியும் கலந்து கழுத்து மின்னுகிறது. கிளிப்பை ஒரு கொத்து இலை மறைத்துவிட்டது.

பறவையைத் துடைத்து, உலர்த்தி, பெட்டியில் இருந்தபடியே வைத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

நாளை இந்தப் படத்தையே போடுவது என்று முடிவு செய்தேன். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. பயிற்சியின் நோக்கம், முறை, தூரம், முடிவு என்று ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருக்கிறேன். கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்தேன். "இது உண்மைப் பறவை அன்று" என்ற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். பாய் ஏதாவது சொல்வார். என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பிடும்போது சோற்றைச் சிந்துவதாக லீதியாள் கடிந்துகொண்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

முதலில் பாயின் அஸ்தமனம். பிறகு டீச்சர், வெண்டைக்காய்ப் பூவுக்குள் தூங்கும் எறும்பு. பிறகு லீடரின் நாரைக் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் நான் வழக்கம்போல "அருமையான படம்" என்றேன். கடைசியில் என் முறை.

படம் திரையில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. லீடர் மெதுவாக எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தொலைக்காட்சியின் அருகே போய்க் குனிந்தார்.

"எங்கன எடுத்தீரு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"பேசக் கூடாது! விதி விதிதான்!" என்றார் பாய்.

"கரெக்ட். பேசாதேயும்" என்றார் லீடர். "தாழங்குளத்துத் தென்கரைன்னு கிளையப் பாத்தாலே தெரியுது. ஈப்பிடிப்பான் ஜாதி. ஆனா இந்த நிறம் நம்ம பக்கத்துல கெடையாது. இமயமலைப் பக்கத்துல உள்ளது வழி தவறி வந்திருக்கு."

"இமயமலை இல்ல லீடர். மொகரையப் பாரும். சைனாக்காரன்" என்றார் பாய்.

"கண்ணப் பாருங்க, ஒரு பயம் இருக்கா? மனுஷனையே பாத்ததில்ல. அதான் இவருக்கு இப்படி நின்னு காட்டியிருக்கு" என்றார் லீடர்.

"கழுத்துல என்னவே மின்னுது?"

"அது இனப்பெருக்க காலத்து நிறம்" என்றார் லீடர். "ஆம்பளப் பறவை."

நான் கையை உயர்த்தினேன். கையைக் கீழே போடும்படி பாய் சைகை காட்டினார்.

பிறகு டீச்சரின் முறை. அவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்ல வர்ணம்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நான் பேசலாம். விளக்கம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் அதற்குள் லீடர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எவ்வளவு வருஷமா இந்தக் குளத்தையே சுத்துதேன். நாரை, கொக்கு, நாரை, கொக்கு. புதுசா ஒண்ணு வராதா, சாகுறதுக்குள்ள ஒண்ணு பாக்க மாட்டமான்னு கெடந்தேன். வந்துட்டு, ஐயா. உங்க கண்ணுக்குத்தான் பட்டிருக்கு. பரவாயில்ல. வந்துட்டு."

நான் பேசினேன். "நன்றி" என்று சொன்னேன்.

நவம்பர் 4, செவ்வாய்

லீடர் என்னை 'ஐயா' என்று சொன்னார். 'உங்க கண்ணுக்கு' என்றும் சொன்னார். அன்றைக்குக் கவனிக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

வாட்ஸ்அப் குழுவில் லீடரின் அறிவிப்பு: மழை கொஞ்சம் விட்டதும், பதினைந்தாம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில், எல்லோரும் தாழங்குளம் போகிறோம். பறவையை நேரில் பார்த்த பிறகு, பறவை ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவர் முறையாக எழுதப் போகிறார். 'கண்டுபிடித்தவர்: பேராசிரியர் ஜெபரத்தினம்' என்று என் பெயர் முதலில் வருமாம்.

பாய்க்குத் தொலைபேசினேன். அவரிடம் சொல்லி, அவர் மூலம் லீடருக்குச் சொல்வது எளிது என்று கணக்கிட்டேன்.

"சொல்லுங்க, ஐயா" என்றார்.

தவறான எண்ணோ என்று அலைபேசியைப் பார்த்தேன். சரியான எண்தான்.

"இல்லை பாய், அந்தப் படம்..."

"ஐயா, அந்தப் படத்த பிரேம் போட்டுக் கடையில மாட்டியாச்சு. வாறவங்க எல்லாம் டைல்ஸ பாக்காம அதத்தான் பாக்காங்க. நம்ம புரபசர் எடுத்ததாக்கும்னு சொல்லுதேன். ஒரு நாளு கடைக்கு வாங்க ஐயா, பெருமையா இருக்கும்."

வருகிறேன் என்று சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் லீடர் வீட்டுக்குப் போனேன். மனதில் ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: 'அது பொம்மை.' இரண்டே சொற்கள்.

லீடர் தமது பெரிய லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பீரங்கி என்று பெயர். பக்கத்தில் புதிதாக வாங்கிய பச்சைத் தொப்பிகள் நான்கு, இலை இலையாகப் படம் போட்டவை.

"பறவைக்கு நாம இருக்கது தெரியக் கூடாதுல்லா, ஐயா. உங்களுக்குப் பெரிய சைஸ் வாங்கியிருக்கேன். போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். கண்வரை இறங்கியது. அந்த நிலையில் எதையும் சொல்வது முறையாகப் படவில்லை. தொப்பியோடு வீட்டுக்கு வந்தேன்.

"உங்களுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா?" என்று லீதியாள் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியிலிருந்து எடுத்ததைச் சொல்லும்போது கொஞ்சம் வேகமாகச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அழவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கடைத்தெருவில் தெய்வானை டீச்சரைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். அந்தப் பறவைக்குக் கால் எங்க?"

"இலை மறைத்திருக்கிறது."

"கருவேல இலை ரொம்பப் பொடிசால்லா சார் இருக்கும்?"

நான் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவன். டீச்சர் நல்ல கத்தரிக்காயாக இரண்டைப் பொறுக்கி என் பையிலும் போட்டார்.

"சனிக்கிழம நான் எறும்பு லென்ஸ் கொண்டு வரல. கொஞ்சம் விரிவாத் தெரியிற மாதிரி ஒண்ணு கொண்டு வாறேன்" என்றார்.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டுவிட்டது. நாளை எல்லோரும் போகிறார்கள். பறவை இருக்காது. லீடர் எட்டு மணிவரை பார்ப்பார், பத்து மணிவரை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமையும் போவார். அவரை எனக்குத் தெரியும். பறவை திரும்ப வரும் என்று ஆண்டு முழுவதும் போவார்.

ஒருமுறை, தூரத்திலிருந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டால் அவருக்குப் போதும். பிறகு அது பறந்துபோய்விட்டதாக வைத்துக்கொள்ளலாம். பறவைகள் பறந்துபோவது இயல்பு.

மாலையில் தாழங்குளம் வரை நடந்தேன். நடை உடம்புக்கு நல்லது. போகும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. திரும்பும்போது இல்லை.

நவம்பர் 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான்கு பேரும் தொப்பியோடு வடகரையில், நாணல் மறைவில் குந்தினோம். டீச்சர் மட்டும் குந்தவில்லை. முழங்கால் வலி என்று சற்றுத் தள்ளி ஒரு கல்லில் அமர்ந்தார். வெளிச்சம் வந்தது. லீடர் பீரங்கியைத் தென்கரைக்குத் திருப்பினார்.

"இருக்கு" என்றார். மூச்சுவிடும் சத்தத்தில். "அதே கிளை. அதே இடம்."

பாய் எட்டிப் பார்த்தார். "யா அல்லா. அப்படியே உக்காந்திருக்கு."

லீடர் எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். நேரம் போனது. ஒரு நிமிடம் என்று நான் போட்ட கணக்கு தவறிவிட்டது.

"என்ன பொறுமை பாருங்க, ஐயா" என்றார் என்னிடம். "இந்த ஜாதி இரைக்காக மணிக்கணக்கா அசையாம இருக்குமாம். படிச்சிருக்கேன்."

"கழுத்தக்கூடத் திருப்பல" என்றார் பாய். "எனக்குக் கால் மரத்துப் போச்சு. அதுக்கு மரக்கல."

"பறவை இருக்கும்போது பேசாதேயும்வே."

பாய்க்கு மட்டும் 'வே' என்பதைக் கவனித்தேன்.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. வெயில் ஏறிவிட்டது. போகலாம் என்று சொல்ல நான் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு காகம் வந்து அதே கிளையில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பறவையைப் பார்த்தது. கழுத்துப் பொடி வெயிலில் மின்னியது. காகம் ஒரு கொத்து கொத்தியது.

"ஏய்!" என்று லீடர் எழுந்துவிட்டார்.

மறுகொத்து. கிளை முழுவதும் ஆடியது. கிளிப் நல்ல கிளிப், எளிதில் விடவில்லை. காகம் வாலைக் கவ்வி இழுத்தது.

"பறக்க மாட்டேங்குதே! எளவு, பறக்க மாட்டேங்குதே! பயத்துல ஒறைஞ்சு போச்சு! ஏய், விடுல அத! விடுல!"

அப்படிக் கத்திக்கொண்டே லீடர் குளத்தில் இறங்கிவிட்டார். குறுக்கே போனால் பக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு எட்டில் இடுப்பளவு, மூன்றாவது எட்டில் நெஞ்சளவு. பீரங்கியை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் தண்ணீரை அடித்தார். தொப்பி மிதந்து போயிற்று. பாய் கரையில் குதித்துக் குதித்துக் கைதட்டினார், காகத்தை விரட்ட. நானும் ஏதோ சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று நினைவில்லை.

கிளிப் விட்டது. காகம் பறவையோடு எழும்பி, குளத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, அது தின்பண்டம் அல்ல என்று தெரிந்ததும் வாயைத் திறந்துவிட்டது. பறவை பாயின் காலடியில் வந்து விழுந்தது.

பாய் குனிந்து எடுத்தார். புரட்டினார். கிளிப்பை அமுக்கினார். அது திறந்தது. விட்டார். மூடியது. மீண்டும் அமுக்கினார்.

"உயிர் இருக்காவே?" என்று தண்ணீருக்குள்ளிருந்து லீடர் கத்தினார்.

"லீடர்... துணி காயப்போடுத கிளிப்பு மாதிரி ஒண்ணு இருக்கு."

"எதுல?"

"இதுல." அவர் அதன் வயிற்றுப் பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். ஏதோ ஒட்டியிருந்ததைப் படித்தார். "நான் அன்னைக்கே சொன்னேம்லா, சைனாக்காரம்னு!"

யாரும் சிரிக்கவில்லை.

"பயிற்சிக்காக வைத்தது" என்றேன். விளக்கத்தின் மற்றப் பகுதிகள் நினைவுக்கு வரவில்லை. "அன்று சொல்ல வந்தேன். விதி இருந்தது."

லீடர் நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்தார். "அது அன்னைக்கு. இன்னைக்கு இத யாரு வச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நீங்கள் வந்து ஏமாந்துவிடக் கூடாதே என்று."

லீடர் கரையேறினார். நாங்கள் வந்த காரில் சீட்டு நனைந்துவிடும் என்று அவர் நடந்தே போனார். நாங்கள் காரில் மெதுவாக அவர் பின்னாலேயே போனோம். ஏறச் சொல்லி யாருக்கும் தைரியம் வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

குழுவில் 'லீடர் வெளியேறினார்' என்று வந்திருக்கிறது. அதன் கீழே, இனி நீங்கள்தான் குழுவின் நிர்வாகி என்று அலைபேசி எனக்குச் சொல்கிறது. நான் எதையும் தொடவில்லை.

நவம்பர் 19, புதன்

பாய் தினமும் காலையில் அனுப்பும் சூரிய உதயம் வரவில்லை. நான்காவது நாள். சூரியன் வழக்கம்போல உதித்தது. நான் பார்த்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

லீடர் வீட்டுக்குப் போனேன். மாடியில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. அவர் மனைவி வந்து, "அவுக இல்லன்னு சொல்லச் சொன்னாக" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தொப்பியைத் துவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வரும் வழியில் பாயின் கடை. படம் மாட்டியிருந்த இடத்தில் இப்போது ஒரு டைல்ஸ் கம்பெனி நாள்காட்டி.

நவம்பர் 30, ஞாயிறு

லீதியாள் கிறிஸ்துமஸ் மரம் வைத்தாள். அந்தப் பறவைக்கு ஒரு கண்ணும் பாதி வாலும் இல்லை. அதை மரத்தின் பின்பக்கமாக வைக்கலாமே என்றேன். முன்பக்கம்தான் வைப்பேன் என்றாள்.

கேமராவை அதன் பெட்டியில் வைத்துக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். முழங்கையில் லேசான பிடிப்பு.

"மஸ்கட்டுக்குத் திருப்பி அனுப்பப் போறியளா?" என்றாள்.

பேசாமலிருந்தேன். இந்த மாதம் நான் பேசியதெல்லாம் தவறான இடத்தில் பேசியது. பேசாமலிருந்ததும் தவறான இடத்தில்தான். இரண்டையும் நிறுத்த முடியுமா என்று தெரியவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

தெய்வானை டீச்சர் தொலைபேசினார்.

"ஞாயித்துக்கிழம வந்துருங்க, சார்."

"கூட்டம் உண்டா? லீடர்..."

"மொத ஞாயிறுன்னா மொத ஞாயிறுதான். லீடர்கிட்ட நான் பேசிட்டேன். நீங்க படம் ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை அவர் சற்று அழுத்திச் சொன்னதுபோல் இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

போகும் வழியில் இரண்டு முறை திரும்பினேன். இரண்டாவது முறை திரும்பியபோது, லீதியாள் தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆகவே போனேன்.

மாடியில் லீடர் தமது நாற்காலியில், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய் நடுவில். நான் கதவோரம். "வாங்க" என்றார் லீடர், சன்னலிடம்.

"இந்த மாசம் ஒரே படம்தான். என்னுது" என்றார் டீச்சர். "விதிப்படி நான் வாயைத் தொறக்க மாட்டேன். மொதல்ல லீடர் சொல்லட்டும்." பொத்தானை அழுத்திவிட்டு உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

திரை முழுவதும் தாழங்குளம்.

இடப்பக்கம் லீடர், நெஞ்சளவு தண்ணீரில், பீரங்கியை வானத்துக்கு உயர்த்தி, வாய் முழுவதும் திறந்து. நடுவே அவர் தொப்பி தனியாக மிதக்கிறது. வலப்பக்கம் பாய், இரண்டு கால்களும் தரையில் இல்லாமல், கைதட்டியபடி அந்தரத்தில். மேலே காகம், வாயில் நீலப் பறவை. கரையில் நான், இரண்டு கைகளையும் விரித்து, காகத்துக்கு எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் என் கால்விரல்களைப் பார்த்தேன். லீடர் எழுந்துபோகப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்தார். தொலைக்காட்சியின் அருகே போய்க் குனிந்தார். இந்த மனிதருக்குப் படத்தைப் படமாக மட்டுமே பார்க்கத் தெரியும்.

"ஷட்டர் வேகம் பத்தாது" என்றார் கடைசியில், கறாராக. "காக்கா றெக்க அசைஞ்சிருக்கு. பெறகு குளம் சாஞ்சிருக்கு. தண்ணி மட்டம் இடப்பக்கம் ஏறி இருக்கு."

"அது டீச்சர் தப்பு இல்ல லீடர்" என்றார் பாய். "இடப்பக்கம் நீரு எறங்கிட்டீரு. தண்ணி ஏறத்தாஞ் செய்யும்."

டீச்சர் கண்களை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

லீடரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அடுத்து" என்றார்.

அடுத்து நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'அருமையான படம்' என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த எழுபது வயதுவரை நான் எந்தப் படத்தைப் பற்றியும், எந்த மனிதரைப் பற்றியும் அதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. பாதுகாப்பான வாக்கியம். திரையைப் பார்த்தேன். எனக்குத் தோன்றியது வேறாக இருந்தது.

"படத்துல எல்லாமே ஆடியிருக்கு" என்றேன். "காக்கா, பாய், நான், லீடர் தொப்பை. ஆடாம அசையாம இருக்கது அந்தப் பறவை ஒண்ணுதான். இருக்கதுலயே ஒழுங்கா போஸ் குடுத்தது அது மட்டும்தான்."

நான் எழுதும் தமிழில் அல்ல, அவர்கள் பேசும் தமிழில் சொல்லியிருக்கிறேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

லீடர் மெதுவாகத் திரும்பினார். இந்த மூன்று வாரத்தில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்னது ஆடியிருக்கு?"

"தொப்பை" என்றேன். பயத்தில் சத்தமாக வந்துவிட்டது.

"வே, ஜெபரத்தினம்" என்றார். "குளத்துல பொம்மைய வச்சு, ஊரக் கூட்டி, என்னையும் தண்ணியில தள்ளிவிட்டுட்டு, என் தொப்பையப் பத்தியும் பேசுவீரோ?"

"நான் தள்ளவில்லை. நீங்களாகத்தான் இறங்கினீர்கள்."

பாய் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். டீச்சர் அதற்கு மேல் தாங்க முடியாமல் விதியை மீறிச் சிரித்தார். சிரிப்பது பேச்சில் சேருமா என்று பாய் தரையில் கிடந்தபடியே கேட்டார். லீடர் சிரிக்காமல் இருக்கத் தம்மால் ஆனவரை முயன்றார். முதலில் தோள் போயிற்று, பிறகு முகம், பிறகு மேற்படி தொப்பை. அவர் மனைவி என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஓடிவந்து, திரையைப் பார்த்து, "அன்னைக்கு வழுக்கி விழுந்தேன்னுல்லா சொன்னிய!" என்று கேட்டார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. குடை கையில் இருந்தது. விரிக்கவில்லை என்பதை வாசலில் லீதியாள் சொல்லித்தான் கவனித்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

லீடர் தம்மைக் குழுவில் மீண்டும் சேர்க்கச் சொன்னார். நிர்வாகி நான்தானே. எந்தப் பொத்தான் என்று தேடி, பதற்றத்தில் பாயை நீக்கிவிட்டேன். அவர் உடனே தொலைபேசி, "ஒரு நாளு நாலு பேரச் சிரிக்க வச்சதும் ஆளையே தூக்குதீராவே?" என்றார். இருவரையும் சேர்க்க மதியம் ஆகிவிட்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

அலமாரியிலிருந்து கேமராவை இறக்கினேன்.

நாளை விடியற்காலையில் மீண்டும் தாழங்குளம். பூநாரை இரண்டு இறங்கியிருப்பதாக லீடருக்குச் செய்தி வந்திருக்கிறது. நானும் வர வேண்டுமாம், ஆனால் கரையில் நின்று பையைத் திறந்து காட்டிய பிறகே உள்ளே விடுவார்களாம். சோதனை செய்யும் பொறுப்பைப் பாய் ஏற்றிருக்கிறார்.

பையைத் தயார் செய்துவிட்டேன். கேமரா, பேட்டரி, குடை, தண்ணீர், லீடர் திருப்பித் தந்த தொப்பி. வேறொன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

லீதியாளும் ஒரு முறை பார்த்தாள்.